ஃப்யூஸ் கட்டை யார் பாக்கெட்ல இருக்கு? – வாசகர் கேள்வி பதில்

வயரிங் வேலைல நாலு பேரை வெச்சு மேய்க்கிறவங்க, மேய்க்கப் போறவங்க, அவங்க கிட்ட மாட்டிக்கிட்டு இருக்கறவங்க எல்லாரும் எழுதலாம்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். எண்ணூர்லேர்ந்து புளியந்தோப்பு வரைக்கும் நம்ம வடசென்னை ஆளுங்க நிறைய பேரு எழுதியிருக்கீங்க. பேரு போட வேணாம்னு முக்கால்வாசி பேரு கேட்டதால யாரு பேரையும் போடல, ஏரியா மட்டும் போட்டிருக்கேன்.

தண்டையார்பேட்டை வாசகர்: வயசு 28 சார். ஐடிஐ முடிச்சு எட்டு வருஷமா ஒரே காண்ட்ராக்டர் கிட்ட இருக்கேன். இப்ப மணலி பக்கம் ஒரு குடோன் சைட்ல என்னை லீடா போட்டுட்டாரு, கீழ ஏழு பேரு. அதுல ரெண்டு பேரு எனக்கே வேலை கத்துக் குடுத்தவங்க. நான் ஒண்ணு சொன்னா "இன்னாபா, நேத்து வரைக்கும் எங்களுக்கு டீ வாங்கியாந்த, இன்னிக்கி நீ சொல்லி நாங்க கேக்கணுமா"ன்றாங்க. சண்டை வேணாம்னு பாதி வேலைய நானே செஞ்சுடறேன், வீட்டுக்குப் போக நைட்டு பத்து ஆயிடுது. என்ன பண்றது?

தம்பி, அவங்க டீ கதைய சொல்லிக் காட்டினது எனக்குப் பெருசா தெரியல. "பாதி வேலைய நானே செஞ்சுடறேன்"னு எழுதியிருக்க பாரு, அதப் படிச்சதும்தான் எனக்கு பக்குனு ஆச்சு. நீ டிபி (சர்க்யூட்டெல்லாம் பிரியற ஸ்விட்ச் பெட்டி) முன்னாடி குந்திக்கிட்டு வயர் டிரஸ்ஸிங் பண்ணிட்டு இருக்கும்போது உனக்குப் பின்னாடி எவன் ஏணி மேல ஏறினான், எந்த சர்க்யூட்ட எவன் ஆஃப் பண்ணான், அத இன்னொருத்தன் தெரியாம ஆன் பண்ணானா, இதையெல்லாம் யாரு பாக்கறது? ஏழு பேரு கை வேலை செய்யும்போது ஒருத்தன் கண்ணு மட்டும் சும்மா சுத்திக்கிட்டே இருக்கணும், அந்தக் கண்ணுக்குத்தான் உனக்கு சம்பளம் ஏத்திக் குடுத்திருக்காங்க. உன் கை வேகத்துக்காக இல்ல.

எனக்கு இத சொல்லிக் குடுத்தது ஒரு பெரியவரு, எங்க மேஸ்திரி. நான் அப்ப ஹெல்பர், மீசை கூட சரியா வளரல. காசிமேடு பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரில பேனல் வேலை. மெயின ஆஃப் பண்ணியாச்சு, நான் பஸ்பார்ல (பேனலுக்குள்ள கரண்ட் ஓடற உலோகப் பட்டை) கை வெச்சு போல்ட்டு டைட் பண்ணிட்டு இருக்கேன். உள்ள ஐஸ் உருகுதுன்னு அங்க இருந்த வாட்ச்மேன் பதறிப்போய் ஜெனரேட்டர ஸ்டார்ட் பண்ணி, ஈபிலேர்ந்து ஜெனரேட்டருக்கு மாத்தற சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச தள்ளிட்டாரு. ஜெனரேட்டர் சத்தம் என் காதுல விழுது, என் கை பஸ்பார் மேல இருக்கு. ஒரு செகண்ட்ல உசுரு தொண்டைக்கு வந்துடுச்சு. ஆனா ஒண்ணும் ஆகல. ஏன்னா வேலை ஆரம்பிக்கும்போதே மேஸ்திரி ஈபி பக்கத்து மூணு ஃப்யூஸ் கட்டையோட ஜெனரேட்டர் பக்கத்து மூணையும் உருவி சட்டப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு இருந்தாரு. ஆறு கட்டையோட கனத்துல பாக்கெட் தொங்கிக்கிட்டு இருந்தது இன்னைக்கும் என் கண்ணுல நிக்கிது. அவரு அன்னைக்கு முழுக்க ஒரு ஸ்க்ரூ கூட திருப்பல தம்பி. சும்மா நின்னுக்கிட்டு இருந்தாரு. அந்த நிக்கிறதுதான் லீடு வேலை.

இப்ப உன் ரெண்டு சீனியருங்க விஷயத்துக்கு வர்றேன். அவங்கள அண்ணேன்னு கூப்புடறத நிறுத்தாத, லீடு ஆயிட்டோம்னு வாய்யா போய்யான்னு மாறினா அன்னிக்கோட உன் கதை முடிஞ்சுது. அதே சமயம் அவங்க கிட்ட போயி "நான் சொல்றத செய்ங்க"ன்னு நிக்காத, வேலைய பிரிச்சு பொறுப்பாவே கையில குடுத்துடு. ஒருத்தர் கிட்ட பேனல் டெர்மினேஷன் (பேனல்ல கேபிள் முனைங்கள மாட்ற வேலை) முழுக்க, கிளாண்ட் போடறது லக் கிரிம்ப் பண்றது ஃபெருல் நம்பர் மாட்றது வரைக்கும், "அண்ணே இது உங்க கை, நான் கடைசில டெஸ்டிங்குக்குத்தான் வருவேன்"னு சொல்லு. இன்னொருத்தர் கிட்ட கேபிள் ட்ரே ரூட்ட குடுத்துட்டு ரெண்டு ஹெல்பர அவருக்குன்னு ஒதுக்கிடு, அந்தப் பசங்களுக்கு வேலை கத்துக் குடுக்கறதும் அவரு பொறுப்புன்னு சொல்லு. வேலை கத்துக் குடுத்த மனுஷனுக்கு மறுபடியும் கத்துக் குடுக்கற எடத்த குடுத்தா அவரு கோவம் பாதி கொறஞ்சிடும், நான் பல சைட்ல பாத்திருக்கேன். தப்பு செஞ்சாங்கன்னா பசங்க முன்னாடி சொல்லாத, டீக்கு வெளிய போகும்போது தனியா சொல்லு.

ஆனா ஒரே ஒரு விஷயத்துல அண்ணன் தம்பி, சீனியர் ஜூனியர் எதுவும் கெடையாது. எந்த லைனையும் நீ ஆஃப் பண்ணி, பூட்டுப் போட்டு, சாவிய உன் பாக்கெட்ல வெச்சு, டெஸ்ட் பண்ணிக் காட்டாம யாரும் தொடக் கூடாது. இப்ப ஃப்யூஸ் கட்டை போயி, கரண்ட் அதிகமானா தானா விழற ஸ்விட்ச், எம்சிபி, எம்சிசிபி வந்துடுச்சு, அதுக்கு மாட்ற லாக்கும் ஒரு சின்னப் பூட்டும் எலெக்ட்ரிக்கல் கடைல கெடைக்குது, பெரிய காசு இல்ல. "ஆள் வேலை செய்கிறார்"னு போர்டு மட்டும் தொங்க விட்டா பத்தாது, நம்ம சைட்ல அவசரத்துல அத படிக்கிறவன் ஒருத்தனும் இல்ல. ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், மொட்ட மாடில சோலார், எத்தனை வழில கரண்ட் உள்ள வரும்னு எண்ணிப் பாரு, அத்தனைக்கும் பூட்டு.

டெஸ்ட் பண்றதும் நியான் டெஸ்டர வெச்சு வேணாம். அந்த டெஸ்டர் எரியறதுக்கே உன் ஒடம்பு வழியா தரைக்கு கொஞ்சம் கரண்ட் போவணும், நீ மர ஏணில ரப்பர் செருப்போட நின்னா அது மங்கலா எரியும், வெயில்ல கண்ணுக்கே தெரியாது, நீ லைன் டெட்டுன்னு நம்பிடுவ. மீட்டர எடு. முதல்ல கரண்ட் இருக்கற எடத்துல வெச்சு மீட்டர் வேலை செய்யுதான்னு பாரு, அப்புறம் நீ வேலை செய்யப் போற எடத்துல ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் எல்லாத்தையும் பாரு, அப்புறம் மறுபடியும் கரண்ட் இருக்கற எடத்துல வெச்சு மீட்டர் இன்னும் உசுரோட இருக்கான்னு பாரு. மூணாவது ஸ்டெப்ப எல்லாரும் விட்டுடுவாங்க, நடுவுல மீட்டர் ஃப்யூஸ் போயிருந்தா என்ன ஆவும்னு யோசிச்சா விட மாட்டாங்க.

இன்னொண்ணும் சொல்லணும், இது என் தப்பு. நான் லீடா ஆன புதுசுல ஒரு பையன் நியூட்ரல் வயர கழட்டினான், அந்த சர்க்யூட் எம்சிபி ஆஃப்ல தான் இருந்துச்சு. ஆனா முன்னாடி எவனோ பக்கத்து சர்க்யூட்டோட நியூட்ரல கொண்டாந்து இதுல சேத்திருந்தான். பக்கத்து சர்க்யூட்ல லைட்டு எரிஞ்சிட்டு இருந்துச்சு. நியூட்ரல பிரிச்ச உடனே லைட்டு பக்கம் இருந்த முனைல முழு 230 வோல்ட்டும் வந்து பையன தூக்கி அடிச்சது. பொழச்சிக்கிட்டான், இப்ப அவனே லீடா இருக்கான். அன்னைக்கு நானும் உன்ன மாதிரிதான், இன்னொரு ரூம்ல குந்திக்கிட்டு ஸ்விட்ச் பாக்ஸ் ஃபிட் பண்ணிட்டு இருந்தேன். அந்த சத்தம் கேட்டு ஓடினதுலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் சைட்ல நான் கீழ குந்தினதே இல்ல.

காலைல வேலை ஆரம்பிக்கும் முன்னாடி பத்து நிமிஷம் எல்லாரையும் நிக்க வெச்சுப் பேசு. இன்னைக்கு எது லைவ், எது டெட், யாரு எங்க, எவனுக்காவது ஒடம்பு சரியில்லையா, நைட்டு தூங்கினானா, குடிச்சிட்டு வந்திருக்கானா. குடிச்சிட்டு வந்தவன திட்டாத, அசிங்கப்படுத்தாத, வீட்டுக்கு அனுப்பு, அவ்ளோதான். ஒரு மாசம் இப்படி நின்னு பாரு, பத்து மணி ஆவாது, ஆறரைக்கு வீட்ல இருப்ப.

வியாசர்பாடி வாசகி: என் வீட்டுக்காரரு வயரிங் ஹெல்பரா போறாரு. ஷட்டவுன் (கரண்ட ஆஃப் பண்றது) கேட்டா வேலை குடுத்த பார்ட்டி கத்துவாங்கன்னு கரண்ட் இருக்கற லைன்லயே வேலை செய்ய சொல்றாராம் அவங்க மேஸ்திரி. "மரக்கட்டை மேல நின்னுக்கோ, ஒரு கைல செய், ஒண்ணியும் ஆவாது"ன்னு. ரெண்டு தடவை ஷாக் அடிச்சு கை மரத்துப் போயி வந்தாரு. வேலை போயிடும்னு இவரு வாயே தொறக்க மாட்றாரு. எனக்கு ரெண்டு புள்ளைங்க. நான் யார் கிட்ட போயி பேசறது?

தங்கச்சி, உன் லெட்டர ரெண்டு தடவை படிச்சேன். முதல்ல உன் வீட்டுக்காரர ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயி ஒரு ஈசிஜி எடுத்துடு, கை மரத்துப் போற அளவுக்கு ஷாக் அடிச்சிருக்குன்னு டாக்டர் கிட்ட மறைக்காம சொல்லுங்க. வெளிய ஒண்ணும் தெரியாது, ஆனா இதயத்துல அதோட பாதிப்பு இருக்கலாம், அதப் பாத்துட்டா நிம்மதி.

மேஸ்திரி சொல்ற கட்டைக் கதைய நானும் சின்ன வயசுல நம்பினவன்தான். கட்டை காஞ்சு இருந்தா, கால் காஞ்சு இருந்தா, ஒடம்புல வேற எதுவுமே எதுலயும் படாம இருந்தா அது கொஞ்சம் தாங்கும். நம்ம ஊர்ல சித்திரை மாசம் ஒரு மூடின ரூம்ல ஏணி மேல நின்னு வேலை செய்யற மனுஷன் ஒடம்புல காஞ்ச எடம் எங்க இருக்கு? சட்டை புழிஞ்சா தண்ணி ஊத்தும். வேர்வைல நனைஞ்ச தோலு கரண்ட சுலபமா உள்ள விட்டுடும். முழங்கை ஒரு கம்பில பட்டா போதும், முதுகு செவுத்துல சாஞ்சா போதும், கட்டைல நின்னதுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும்.

கணக்கு சொல்றேன், உன் வீட்டுக்காரருக்கும் படிச்சுக் காட்டு. ஒரு ஆம்பியர ஆயிரமா பிரிச்சா அதுல ஒரு பங்குதான் மில்லி ஆம்பியர். 1 மில்லி ஆம்பியர்ல லேசா சுர்ருன்னு தெரியும். 10 தாண்டினா கை சதை தானா இறுக்கிக்கும், வயர விட முடியாது. நம்ம ஆளுங்க "கரண்ட் இழுத்துக்கிச்சு"ன்னு சொல்றோம் இல்ல, அது கரண்ட் இழுக்கல, நம்ம சதையே மூடிக்கிட்டு வயர புடிச்சுக்குது. 30 தாண்டினா மூச்சு அடைக்க ஆரம்பிக்கும், அதுக்கு மேல போகப் போக நெஞ்சு துடிக்கிற தாளமே தப்பிடும். 30 மில்லி ஆம்பியர்னா எவ்ளோ தெரியுமா, சாமி ரூம்ல எரியற 7 வாட் நைட் பல்பு எடுக்கற கரண்ட், அவ்ளோதான். இதுக்கு மேல எந்த மேஸ்திரியும் "ஒண்ணும் ஆவாது"ன்னு சொல்லக் கூடாது.

மேஸ்திரி கிட்ட சண்டைக்குப் போக வேணாம். அவருக்கு மேல லைசன்ஸ் எடுத்த காண்ட்ராக்டர் ஒருத்தர் இருப்பாரு, அவர் கிட்ட போங்க. வயரிங் வேலை லைசன்ஸ் உள்ள காண்ட்ராக்டர் மூலமா, தகுதிச் சான்று உள்ள ஆள் நேரா மேற்பார்வை பாக்க நடக்கணும்னு மத்திய மின்சார ஆணையத்தோட பாதுகாப்பு விதில இருக்கு. 2010ல போட்ட விதிய மாத்தி 2023ல புதுசா கொண்டாந்தப்பவும் அது அப்படியே தான் இருக்கு. ஏதாவது ஆச்சுன்னா மாட்டப் போறது அந்த காண்ட்ராக்டர் லைசன்ஸ், அதனால அவருக்கு காது கேக்கும். உன் வீட்டுக்காரர் மேஸ்திரி கிட்ட சொல்ல ஒரே ஒரு வரி போதும்: "அண்ணே, நீங்க ஆஃப் பண்ணிக் குடுங்க, நான் அரை மணி நேரத்துல முடிச்சுடறேன்." மாட்டேன்னு சொல்லல, வேலைய முடிச்சுத் தர்றேன்னு சொல்றாரு, இதுக்கு யாரும் வேலைய விட்டுத் தூக்க மாட்டாங்க. தூக்கினா அந்த எடம் வேணாம், நல்ல ஹெல்பருக்கு நம்ம ஏரியால ஒரு வாரத்துல வேலை கெடைக்கும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல அவரு பேரு பதிஞ்சிருக்கான்னும் பாரு, எலெக்ட்ரீஷியனும் அதுல வருவாங்க. பதியலன்னா இந்த மாசமே பதிஞ்சுடு.

இதப் படிக்கிற மேஸ்திரிங்களுக்கு ஒண்ணு. பார்ட்டி கத்தினா கத்தட்டும். ஷட்டவுன் நேரத்த முந்தின நாளே பேசி எழுதி வாங்கறது உங்க வேலை, ஹெல்பரோடது இல்ல. சைட்ல எவனுக்காவது ஷாக் அடிச்சா ஓடிப்போயி அவன தொடாம மெயின ஆஃப் பண்ணுங்க, முடியலன்னா காஞ்ச மரக்கட்டையால வயர தள்ளுங்க. மூச்சு இல்லன்னா 108க்கு ஒருத்தன் போன் அடிக்கட்டும், இன்னொருத்தன் நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வெச்சு நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவை அழுத்தணும், ரெண்டு இஞ்ச் இறங்கற மாதிரி, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாம. தண்ணி தெளிக்கிறது, மண்ணுல பொதைக்கிறது, கைல இரும்பு குடுக்கறது எதுவும் வேணாம், அதுல போற நேரம்தான் அவன் உசுரு.

ராயபுரம் வாசகர்: எங்க தாத்தா காலத்து வீடு. போன வருஷம் ஈஎல்சிபி (கரண்ட் ஒழுகினா தானா லைன வெட்டற ஸ்விட்ச்) போட்டோம், அதுலேர்ந்து அடிக்கடி டிரிப் ஆவுது. வந்த ரெண்டு எலெக்ட்ரீஷியனும் "பழைய வீட்டுக்கு இது ஒத்து வராது, பைபாஸ் பண்ணிடலாம்"ன்றாங்க. பண்ணிடலாமா?

பண்ணாதீங்க அய்யா. அது டிரிப் ஆவுதுன்னா எங்கயோ கரண்ட் ஒழுகுதுன்னு அர்த்தம், நாயி கொலைக்குதேன்னு நாயோட வாயக் கட்டினா திருடன் போயிடுவானா? ஃபேஸ்ல போன கரண்ட் அதே அளவுக்கு நியூட்ரல்ல திரும்பி வரலன்னா அது தானா விழும், அதான் டிரிப், வீட்டுக்குப் போடறது 30 மில்லி ஆம்பியர், மேல ஒரு தங்கச்சிக்கு சொன்ன அதே கணக்குதான்.

வந்தவங்க எப்படித் தேடியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். எல்லா எம்சிபியையும் ஆஃப் பண்ணி ஒண்ணொண்ணா ஆன் பண்ணிப் பாத்திருப்பாங்க, எதுலன்னு புடிபட்டிருக்காது, கைய விரிச்சிருப்பாங்க. ஏன்னா ஒத்த போல் எம்சிபி ஃபேஸ மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் எப்பவும் கனெக்ஷன்லயே இருக்கும். பழைய வீட்ல செவுத்துக்குள்ள நியூட்ரல் வயரு தோல் போயி எர்த்தோட ஒட்டிக்கிட்டு இருந்தா எம்சிபிய ஆஃப் பண்ணியும் அந்த ஒழுகல் நிக்காது. மெயின ஆஃப் பண்ணிட்டு நியூட்ரல் லிங்க்லேர்ந்து வயருங்கள ஒண்ணொண்ணா கழட்டி ஒவ்வொண்ணையும் எர்த்துக்கு மெக்கர் (வயரோட தோல் நல்லா இருக்கான்னு காட்டற மீட்டர்) வெச்சுப் பாக்கணும், மெக்கர் வைக்கும் முன்னாடி வீட்ல இருக்கற எலெக்ட்ரானிக் சாமான் பிளக்க எல்லாம் புடுங்கிடணும். 500 வோல்ட்டுல 1 மெகா ஓமுக்குக் கீழ காட்டற வயருதான் குத்தவாளி. ரெண்டு சர்க்யூட்டுக்கு ஒரே நியூட்ரல ஓட்டியிருந்தாலும் விழும். கீசர் காயிலும் மழைல நனையற வெளி லைட்டும் அடுத்த சந்தேகம். அரை நாள் வேலை, பொறுமை இருக்கற ஆளா பாத்துக் கூப்புடுங்க. பைபாஸ்னு வாயெடுத்தவர மறுபடியும் வீட்டுக்குள்ள விடாதீங்க.

கொடுங்கையூர் வாசகர்: மூணு பிளாக் அபார்ட்மெண்ட் மெயின்டனன்ஸ் எங்க டீம் பாக்குது, நான்தான் லீடு. மழைல கிரவுண்ட் ஃப்ளோர் மீட்டர் போர்டு வரைக்கும் தண்ணி ஏறிடுது. வடிஞ்ச உடனே "ஆன் பண்ணு, குழந்தைங்க இருக்கு, வயசானவங்க இருக்காங்க"ன்னு சுத்தி நின்னு சத்தம் போடறாங்க. எப்ப ஆன் பண்றது?

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்ப மணலி, எண்ணூர் பக்கம் நாள் கணக்கா கரண்ட் இல்லாம ஜனங்க பட்ட பாட்ட நானும் பாத்தேன், அவங்க கத்தறதுல தப்பே இல்ல. இருந்தாலும் நீ சொல்ற வரைக்கும் சுவிட்ச்ல யாரு கையும் படக் கூடாது, அங்க ஒரு ஆள நிக்க வை. மீட்டர், ஈபி ஃப்யூஸ், சீல் போட்ட எடம் எதையும் நீ தொடாத, அது ஈபிக்காரங்க வேலை, அவங்க 94987 94987க்கு அடிச்சு கம்ப்ளெயின்ட் நம்பர் வாங்கு. தெருவுல தண்ணிக்குள்ள நிக்கிற பில்லர் பாக்ஸ் (ஈபியோட கரண்ட் பெட்டி) பக்கம் ஒருத்தனும் போவக் கூடாது. உங்க பக்கத்துல தண்ணில முழுவின எம்சிபி, ஈஎல்சிபி, பிளக் பாயிண்ட் எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு புதுசு போடு, வெயில்ல காய வெச்சு மாட்றது வேணவே வேணாம், உள்ள இருக்கற ஸ்பிரிங்கும் கான்டாக்டும் துருப்புடிச்சு நாளைக்கு விழ வேண்டிய நேரத்துல விழாது. மோட்டார காய வெச்சு மெக்கர் போட்டுப் பாத்துட்டுக் குடுக்கலாம். மேல் மாடிங்க தனி சப்மெயின்ல (தனியா பிரிஞ்சு போற மெயின் லைன்) இருந்தா, ஈபி சப்ளை வந்த பின்னாடி கிரவுண்ட் ஃப்ளோர பிரிச்சு வெச்சுட்டு டெஸ்ட் பண்ணி அவங்களுக்கு மொதல்ல குடுத்துடு, முக்கால்வாசி சத்தம் அதுலயே அடங்கிடும். நிரந்தர தீர்வு ஒண்ணுதான், மீட்டர் போர்ட மேல ஏத்தறது, அதுக்கு அசோசியேஷன் மீட்டிங்ல இப்பவே எழுதிக் குடு, மழை வந்தப்புறம் குடுக்காத.

பெரம்பூர் வாசகர்: 'பி' லைசன்ஸ், 'சி' லைசன்ஸ்னு சொல்றாங்களே, லீடா இருக்க எது வேணும்? எனக்கு ஐடிஐ கெடையாது, அனுபவம் மட்டும் 12 வருஷம்.

கிண்டி தொழிற்பேட்டைல இருக்கற மின் உரிம வாரியம் குடுக்கறது அது. ஹெல்பருக்கு 'எச்', வயர்மேனுக்கு 'பி', சூப்பர்வைசருக்கு 'சி'. ஐடிஐ இல்லன்னு மனச விட்றாதீங்க, வேலைவாய்ப்பு பயிற்சித் துறை நடத்தற மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கு, 21 வயசு முடிஞ்சு அஞ்சு வருஷம் வயரிங் அனுபவம் இருந்தா எழுதலாம், மேல் வயசு வரம்பு கெடையாது. 12 வருஷ அனுபவத்துக்கு அது கஷ்டமே இல்ல, எழுதிட்டு ஒவ்வொரு படியா ஏறுங்க. பேப்பர் இல்லாம லீடா நிக்கிறவங்க நிறைய பேரு நல்ல வேலைக்காரங்கதான், ஆனா சைட்ல ஒரு விபத்து நடந்து போலீஸ் வரும்போது மொதல்ல கேக்கறது அந்த பேப்பரத்தான்.

திருவொற்றியூர் வாசகர்: டீம்ல ஒரு பையன் காப்பர் துண்ட எல்லாம் சேத்து வெளிய காயிலாங்கடைல போடறான். நல்ல வேலைக்காரன். காண்ட்ராக்டர் கிட்ட சொல்லிடவா?

துண்டு வயரா, சுருள் வயரான்னு மொதல்ல பாருங்க. வெட்டிப் போட்ட துண்டுன்னா அது யாருக்குன்னு நீங்க இதுவரைக்கும் சொல்லவே இல்லாததுதான் தப்பு. ஒரு சாக்கு வெச்சு எல்லா துண்டும் அதுல விழணும்னு சொல்லுங்க, காண்ட்ராக்டர் கிட்ட பேசி அத வித்த காச ஆயுத பூஜைக்கு டீமுக்கே பிரிச்சுக் குடுக்க வையுங்க. நான் அப்படித்தான் செஞ்சேன், அதுக்கப்புறம் வயர வெட்டும்போதே பசங்க அளந்து வெட்ட ஆரம்பிச்சாங்க, வேஸ்ட்டும் கொறஞ்சுது. சுருள் வயரு போவுதுன்னா அது திருட்டு, ஆனாலும் காண்ட்ராக்டர் கிட்ட போகும் முன்னாடி அவன தனியா கூப்புட்டு வீட்ல என்ன கஷ்டம்னு கேளுங்க. வாரச் சம்பளம் சனிக்கிழமை சரியா கைக்கு வருதா, அட்வான்ஸ் புடிச்சே பாதி போயிடுதான்னும் பாருங்க. நான் கேட்ட ஒருத்தன் அம்மாவுக்கு டயாலிஸிஸ் போய்ட்டிருந்துச்சு. அவன எங்களால காப்பாத்த முடிஞ்சுது.

கொருக்குப்பேட்டை வாசகி: ஐடிஐ எலெக்ட்ரீஷியன் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். எங்க வகுப்புல நாங்க மூணு பேருதான் பொண்ணுங்க. ஒரு நாள் நானும் டீம நடத்தற லீடா வரணும்னு ஆசை. சைட்ல ஏத்துப்பாங்களா?

வருவ ம்மா. கோர்ஸ் முடிச்ச உடனே அப்ரண்டிஸ்ஷிப்ப விட்றாத, பெரிய ஃபேக்டரில கெடைச்சா ரொம்ப நல்லது, பேனலும் மோட்டாரும் கை படற எடம் அது. இன்னைலேர்ந்தே ஒரு நோட்டு வெச்சுக்கோ, தெனம் பாத்த வேலை, ஆன தப்பு, அது எப்படி புடிபட்டுதுன்னு எழுது. டிராயிங் படிக்கக் கத்துக்கோ, சிங்கிள் லைன் டயகிராம (கரண்ட் எங்கேர்ந்து எங்க போவுதுன்னு காட்டற ஒத்தக் கோட்டுப் படம்) பாத்த உடனே எங்க ஆஃப் பண்ணா எந்த லைன் சாவும்னு சொல்றவங்க நம்ம ஃபீல்டுல ரொம்பக் கம்மி, அது தெரிஞ்சவங்க பேச்ச டீம் தானா கேக்கும். ஏத்துப்பாங்களான்னா, மொத ஒரு மாசம் வேடிக்கை பாப்பாங்க, நீ கண்டுபுடிக்கிற மொத ஃபால்ட்டுக்கு அப்புறம் "மேடம் இத கொஞ்சம் பாருங்க"ன்னு வருவாங்க.

லீடா இருக்கறவங்க இத கேட்டுக்கோங்க, இந்தப் பொண்ணுங்க வேலைக்கு வந்தா சைட்ல பூட்டுப் போட்ட பாத்ரூம் ஒண்ணு வேணும். காலைல லேர்ந்து சாயந்திரம் வரைக்கும் தண்ணி குடிக்காம நிக்கிற பொண்ண ஏணில ஏத்தறதும் ஆபத்துதான். மெட்டீரியல் லிஸ்ட் எழுதும்போதே அதையும் காண்ட்ராக்டர் கிட்ட கேட்டு வாங்குங்க.

எண்ணூர் வாசகர்: கடல் காத்துல எர்த் பைப்பு ரெண்டு வருஷத்துல துருப்புடிச்சு போயிடுது. நிறைய உப்பு கொட்டினா சரியாயிடுமா?

உப்பு கொட்டினா எர்த் ரெசிஸ்டன்ஸ் ரீடிங் கொஞ்ச நாளைக்கு நல்லா காட்டும், பைப்ப இன்னும் சீக்கிரம் தின்னுடும். உங்க பக்கம் ஏற்கனவே மண்ணுலயும் காத்துலயும் உப்புதான் இருக்கு. காப்பர் பாண்டட் ராடு (மேல செம்பு பூசின இரும்புக் கம்பி) போட்டு, சுத்தி பேக்ஃபில் காம்பவுண்ட் (எர்த் குழில போடற பவுடர்) கொட்டுங்க, மேல கிளாம்ப் ஜாயிண்ட்டுல கிரீஸ் தடவி மூடி போட்டு வையுங்க. அந்த ஜாயிண்ட்டுலயும் துரு சீக்கிரம் புடிக்கும். வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னாடி மூடியத் தொறந்து அந்த நட்ட ஒரு தடவை கழட்டி, தேச்சு, திரும்ப மாட்டிட்டு ரீடிங் எடுத்து தேதியோட டிபி கதவுக்கு உள்பக்கம் எழுதி வையுங்க. அடுத்த வருஷம் வர்ற பையன் அதப் பாத்துத்தான் ஏறிப்போச்சா எறங்கிப்போச்சான்னு சொல்லுவான்.